விளக்கை எடுத்துச் சென்ற பின்

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், உரோமைப் பேரரசின் பெருமக்களுள் ஒருவரது இல்லத்தில் நாள்தோறும் இரவில் ஒரு வழக்கம் நடைபெற்று வந்தது. படுக்கையறையிலிருந்து விளக்கை எடுத்துச் சென்றுவிடுவர். கணவரின் வழக்கத்தை நன்கறிந்த மனைவியார் பேச்சை நிறுத்திக்கொள்வார். அந்த இருளில் அவர், காலை முதல் தாம் செய்தவற்றையும் பேசியவற்றையும் ஒன்றுவிடாமல் நினைவிற்குக் கொண்டுவருவார். குற்றம் சாட்டுபவரும் குற்றஞ்சாட்டப்பெற்றவரும் நடுவரும் அவரே. எதனையும் தம்மிடமிருந்து மறைப்பதில்லை, எதனையும் விட்டுவிடுவதுமில்லை. அதன் பின்னரே உறங்குவார்.

அப்பெருமகனார் செனெகா. இலத்தீன் உரைநடையில் புகழ்பெற்றவர்; அரசவையில் பெரும்பதவி வகித்தவர். தம் தமையனாருக்காக எழுதிய 'சினம் பற்றி' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வழக்கத்தை அவரே விளக்குகிறார். இவ்வாறு நாளை ஆராய்ந்தபின் வரும் உறக்கம் ஆழ்ந்ததாகவும் கவலையற்றதாகவும் இருக்கிறது என்பது அவரது பட்டறிவு. மனஅமைதிக்கு உரியதென்று அவர் காட்டுவது காட்டையோ தனிமையையோ அன்று. படுக்கையில் செலவிடும் சிறிது நேரத்தையே. இச்சிறு பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் சென்றது, அவர்களுக்கு எவ்வளவு உதவியது என்பவற்றை அறிவது பயனுடையது.

மண்டபத்தில் தோன்றிய நெறி

செனெகா பின்பற்றியது ஸ்டோயிக் நெறி. இதனைத் தோற்றுவித்தவர் சைப்பிரஸ் தீவின் கிட்டியம் என்னும் ஊரினரான சீனோ. அவ்வூர் இன்று லார்னக்கா என வழங்குகிறது. அவர் வணிகர் என்றும், ஊதாச் சாயம் ஏற்றிவந்த அவரது கப்பல் ஏதென்சு நகரின் துறைமுகத்திற்கு அருகே உடைந்தது என்றும், பொருளிழந்து நகருக்குள் வந்தவர் ஒரு நூல் விற்பனையாளரின் கடையில் அமர்ந்து சாக்ரடீசைப் பற்றிய நூலைப் படிக்கக் கேட்டார் என்றும் டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதியுள்ளார். இத்தகைய மனிதரை எங்கே காணலாம் என்று சீனோ வினவியபோது, அவ்வழியே சென்ற கிரேட்டிஸ் என்னும் அறிஞரைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினாராம்.

கி.மு. 300 அளவில் சீனோ தாமே கற்பிக்கத் தொடங்கினார். அவருக்கெனப் பள்ளிக் கட்டடம் இல்லை. ஏதென்சின் சந்தைவெளியின் வடபுறத்தில், ஓவியங்களால் அணிசெய்யப்பெற்ற தூண் மண்டபம் ஒன்று இருந்தது. மராத்தான் போரின் காட்சியும் அவ்வோவியங்களுள் ஒன்று. வழிப்போக்கர் எவரும் நின்று கேட்கக்கூடிய அம்மண்டபத்திலேயே அவர் உரையாற்றினார். தூண் மண்டபத்திற்குக் கிரேக்கச் சொல் 'ஸ்டோவா'. ஆகவே அங்குக் கூடியவர்கள் ஸ்டோயிக்கர், அதாவது மண்டபத்தார் எனப்பட்டனர். 1981ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில் அம்மண்டபத்தின் ஒரு பகுதி வெளிப்பட்டது.

சீனோவிற்குப் பின் தலைமை ஏற்ற கிளியாந்தஸ் முன்னர்க் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். வறுமையால் இரவில் தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் கூலி பெற்று, பகலில் கற்றவர். உழைப்பவரும் வணிகரும் வந்து கேட்ட நெறியாதலால், அன்றாட வாழ்விற்கு உதவாத கல்வியை அது கல்வியாகக் கருதவில்லை.

அந்நெறியின் நடுக்கருத்து எளியது. நம் எண்ணம், விருப்பம், முயற்சி ஆகியவை நம் ஆளுகைக்கு உட்பட்டவை. உடல், செல்வம், புகழ், பிறருடைய நடத்தை ஆகியவை முழுதும் நம் ஆளுகைக்கு உட்பட்டவையல்ல. முன்னவற்றில் கருத்தைச் செலுத்துபவன் அமைதி பெறுகிறான். பின்னவற்றில் மனத்தை வைப்பவன் அலைக்கழிகிறான். இதனை அறிந்துகொள்ள ஒரு நாழிகை போதும். ஆயினும் அறிந்தவாறு நிற்க ஒரு வாழ்நாள் தேவைப்படுகிறது. ஆதலின் ஸ்டோயிக்கர் 'அஸ்கேசிஸ்' என்னும் சொல்லை வலியுறுத்தினர். மல்லர்கள் களத்தில் செய்யும் பயிற்சியைக் குறித்த கிரேக்கச் சொல் அது. உடல் வலிமையைப் போன்றே உள்ள வலிமையும் நாள்தவறாப் பயிற்சியால் மட்டுமே கைகூடும் என்பது அவர்தம் துணிபு.

மாலை ஆய்வின் வரலாறு

இரவில் நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஸ்டோயிக்கருக்கு முற்பட்டது. பித்தாகரசின் வழிவந்தோர் அதனைக் கைக்கொண்டிருந்தனர். முதுமையைப் பற்றிச் சிசரோ இயற்றிய நூலில் வரும் முதியவரான கேட்டோ, அன்று தாம் சொன்னவை, கேட்டவை, செய்தவை அனைத்தையும் மாலையில் நினைவுகூர்வதாகவும், அது பித்தாகரசு வழியினரின் முறை என்றும் கூறுகிறார். ஆனால் அவர் நோக்கம் நினைவாற்றலைக் கூர்மையாக வைத்திருப்பதே.

நினைவுப் பயிற்சியாக இருந்த இதனை ஒழுக்கப் பயிற்சியாகச் செனெகாவின் காலத்தாருக்குக் கொண்டுவந்தவர் குயிண்டஸ் செக்ஸ்டியஸ். யூலியஸ் சீசர் அளிக்க முன்வந்த ஆட்சிமன்றப் பதவியை மறுத்து மெய்ந்நெறி வாழ்வைத் தேர்ந்தவர் இவர். உறங்கச் செல்லுமுன் தம் உள்ளத்திடம் மூன்றினை வினவுவது இவரது வழக்கம்: இன்று எக்குறையைப் போக்கினாய், எத்தீமையை எதிர்த்து நின்றாய், எவ்வகையில் முன்னினும் மேம்பட்டாய் என்பன அவை. மூன்று வினாக்களும் குற்றத்தை மட்டும் தேடுவன அல்ல. வளர்ச்சியையும் தேடுவன என்பது கருதத்தக்கது.

செக்ஸ்டியஸ் புலால் உண்ணாதவர். உயிர்களின் குருதி சிந்தாமலே மாந்தருக்குப் போதிய உணவு உண்டு என்பதும், இன்பத்திற்காக உயிரைக் கொல்லும்போது கொடுமை பழக்கமாகிவிடும் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். அவர் மரபில் வந்த சோஷன் என்பவரிடம் இளமையில் பாடம் கேட்ட செனெகாவும் புலாலை விட்டார். ஓராண்டு கழிந்தபோது அது எளிதாக மட்டுமின்றி இனிதாகவும் இருந்தது என்றும், உள்ளம் முன்னினும் சுறுசுறுப்புற்றதாகத் தோன்றியது என்றும் முதுமையில் எழுதிய மடல் ஒன்றில் நினைவுகூர்கிறார்.

எனினும் அந்நோன்பு நீடிக்கவில்லை. அது திபேரியஸ் பேரரசனின் காலம். அயல்நாட்டு வழிபாடுகள் ஐயத்திற்கு உள்ளாகி, சில விலங்குகளின் இறைச்சியை உண்ணாமையே அவற்றைச் சார்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. தந்தையார் வேண்டிக்கொள்ளவே, செனெகா பழைய உணவிற்குத் திரும்பினார். அந்த நோன்பு போயிற்று. மாலை ஆய்வு மட்டும் அவரிடம் தங்கிற்று.

செனெகாவின் கணக்கு

அவர் தம்மிடம் கண்ட குறைகள் எத்தகையவை? பெருங்குற்றங்களை அவர் அங்கே பட்டியலிடவில்லை. ஒரு விவாதத்தில் தேவைக்கு மேல் வேகமாகப் பேசியது, திருத்த வேண்டிய ஒருவரை மிகையாகக் கடிந்து அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது, விருந்தில் யாரோ சொன்ன கேலிச்சொல் நெஞ்சில் தைத்தது, மதிப்பான இருக்கை தரவில்லை என்று விருந்தளித்தவர்மேல் சினந்தது போன்றவையே அவை. எந்தக் குடும்பத்திலும் எந்த நாளிலும் நிகழக்கூடியவை. இவற்றைக் கண்டபின் தம்மை வாட்டிக்கொள்வதும் அவர் முறையன்று. இனி இவ்வாறு செய்யாதே என்று எச்சரித்து, இம்முறை மன்னித்தேன் என்று தம்மைத் தாமே விடுவித்துவிடுவார். குற்றத்தை மறைக்க வேண்டிய அச்சம் இல்லாதபோதுதான் மனம் உண்மை பேசும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

முதுமையில் லுசிலியஸ் என்னும் நண்பருக்கு எழுதிய மடல்களுள் 124 இன்று கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மற்றொரு பழக்கம் பேசப்படுகிறது. திசம்பர் மாதத் திருவிழாவில் நகரமே களித்திருக்கும் வேளையில், சில நாள்களைக் குறித்துக்கொண்டு மலிவான எளிய உணவையும் முரட்டு உடையையும் மேற்கொள்ளச் சொல்கிறார். இதற்கா இத்தனை நாள் அஞ்சினோம் என்று மனம் தானே உணர வேண்டும் என்பது நோக்கம். வறுமை வருமுன்னரே அதனோடு பழகிக்கொண்டவனை வறுமையின் அச்சம் ஆள்வதில்லை.

இவற்றை எழுதியவரின் வாழ்வோ முரண்கள் நிறைந்தது. கி.பி. 41 முதல் 49 வரை கோர்சிகா தீவில் நாடுகடத்தப்பட்டிருந்தார். திரும்பியதும் இளைஞன் நீரோவிற்கு ஆசிரியரானார். நீரோ பேரரசனானபின் அவனது முதன்மை அறிவுரையாளராகவும் இருந்தார். எளிமையைப் போற்றிய அவர் 30 கோடி செஸ்டர்சு திரட்டினார் என்று பகைவர் அவர் காலத்திலேயே குற்றம் சாட்டினர். கி.பி. 59இல் நீரோ தன் தாயைக் கொல்வித்தபோது, அதனை நியாயப்படுத்தி ஆட்சிமன்றத்திற்கு அனுப்பிய மடலைச் செனெகாவே எழுதினார் என்று கருதப்பட்டதை வரலாற்றாசிரியர் டேசிட்டஸ் குறிக்கிறார். விருந்தில் பட்ட சிறு மனத்தாங்கலை ஆராய்ந்த உள்ளம், அன்றிரவு எதனை ஆராய்ந்திருக்கும் என்ற வினா எழாமற் போகாது.

செனெகாவும் தம்மை நிறைந்த அறிவினராகக் கூறிக்கொள்ளவில்லை. பிறருக்கு மருந்து கூறும் மருத்துவராக அன்றி, அதே நோயகத்தில் படுத்திருக்கும் மற்றொரு நோயாளியாகவே தாம் பேசுவதாக நண்பருக்கு எழுதினார். கி.பி. 62இல் தம் செல்வத்தை அரசனிடமே ஒப்படைத்துவிட்டு விலக வேண்டினார், நீரோ இசையவில்லை. கி.பி. 65இல் சதி ஒன்றில் தொடர்புடையவர் என்று கூறி, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அவன் ஆணையிட்டான். ஆணை வந்தபோது செனெகா கலங்காது, அழுத நண்பர்களைத் தேற்றினார் என்று டேசிட்டஸ் எழுதுகிறார். நாள்தோறும் செய்த பயிற்சி அவரைக் குற்றமற்றவர் ஆக்கவில்லை. தம் குறையைக் காணும் கண்ணையும் இறுதி வேளையில் ஓர் உறுதியையும் அளித்தது. வரலாறு நமக்குக் காட்டும் அளவு அதுவே.

அடிமையாக இருந்த ஆசிரியர்

அதே நீரோவின் ஆட்சியில் நாடுகடத்தப்பட்ட மற்றொரு ஸ்டோயிக் ஆசிரியர் மியூசோனியஸ் ரூபஸ். கோட்பாட்டை அறிவதைக் காட்டிலும் அதனைப் பழகுவதே பெரிதென்று கற்பித்தவர். தானியம், காய்கனி, பால், தேன் ஆகியவையே மாந்தருக்கு ஏற்றவை என்றும், புலால் விலங்குகளுக்கு உரியது என்றும் கூறினார். ஆண்களைப் போலவே பெண்களுக்கும் மெய்யறிவுக் கல்வி வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

அவருடைய மாணவர் எபிக்டெட்டஸ். இன்றைய துருக்கியிலுள்ள ஹைராபோலிஸ் நகரில் கி.பி. 50 அளவில் பிறந்தவர். நீரோவின் அவையைச் சார்ந்த எபாப்ரோடிட்டஸ் என்பவனிடம் அடிமையாக இருந்தார், கால் ஊனமுற்றவர். பின்னர் விடுதலை பெற்று உரோம் நகரில் கற்பித்தார். டொமீஷியன் பேரரசன் மெய்யறிவாளர்களை வெளியேற்றியபோது கிரேக்க நாட்டின் நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நிறுவினார். அவர் தாமாக எதனையும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எழுதிவைத்த உரைகளில் நான்கு பகுதிகளும், 'கைந்நூல்' என்னும் சுருக்கமும் எஞ்சியுள்ளன.

சினத்தைப் போக்க அவர் கூறிய வழி ஒரு கணக்கு முறை. சினங்கொள்ளாத நாள்களை எண்ணிவரச் சொன்னார். முன்னர் நாள்தோறும் சினந்தவன், பின்னர் ஒன்றுவிட்டு ஒருநாள் சினக்கிறான். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை. முப்பது நாள் சினமின்றிக் கழிந்தால் இறைவனுக்கு நன்றி செலுத்தலாம் என்றார். பழக்கம் முதலில் மெலியும், பின்னரே அழியும் என்பது இதன் அடிப்படை. ஒரே நாளில் சினத்தை வெல்லச் சொல்லாமல், இன்றைய நாளை மட்டும் காக்கச் சொன்னதால் எளியவரும் இதனைக் கைக்கொள்ள இயன்றது.

மற்றொரு நிகழ்ச்சியை அவரே மாணவரிடம் கூறினார். வீட்டுத் தெய்வங்களின் அருகில் ஏற்றிவைத்திருந்த இரும்பு விளக்கு ஒன்று திருட்டுப் போயிற்று. ஓசை கேட்டு ஓடிவந்து பார்த்தபின், நாளை மண்விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அமைந்தார். இழக்கக்கூடியவன் உடையவனே என்பது அவர் எண்ணம். அவர் மறைந்தபின் அம்மண்விளக்கை ஒருவர் 3000 திராக்மா கொடுத்து வாங்கினார் என்று லூசியன் என்னும் எழுத்தாளர் எள்ளலுடன் குறிப்பிடுகிறார். விளக்கை வாங்கினால் அறிவும் உடன்வரும் என்று அவர் எண்ணினார் போலும்.

பாசறையில் எழுதிய குறிப்புகள்

அடிமையாக இருந்தவரின் உரைகள் பேரரசர் ஒருவரின் கைக்குச் சென்றன. மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 121இல் பிறந்து, 161 முதல் 180 வரை ஆண்டவர். எபிக்டெட்டசின் உரைக்குறிப்புகளைத் தம் சொந்தப் படியிலிருந்து கொடுத்து அறிமுகம் செய்த ஆசிரியர் ரஸ்டிக்கசுக்கு அவர் நன்றி எழுதியுள்ளார். அதே ஆசிரியர்மேல் தாம் பலமுறை சினங்கொண்டதையும், பின்னர் வருந்தத்தக்க எதனையும் செய்துவிடாமல் தப்பியதையும் மறைக்காமல் எழுதினார்.

அவரது ஆட்சி அமைதிக் காலமன்று. கிழக்கே பார்த்தியருடன் போர். அது முடிந்து படை திரும்புகையில் பெருங்கொள்ளைநோய். வடக்கே தான்யூப் ஆற்றின் எல்லையில் ஆண்டுக்கணக்கான போர்கள். பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரை இளமையிலேயே இழந்தார். இத்துன்பங்களுக்கிடையே தமக்காக மட்டும் கிரேக்க மொழியில் எழுதிய குறிப்புகளே இன்று 'சிந்தனைகள்' எனப்படும் பன்னிரண்டு பகுதிகள். ஒரு பகுதியில் குவாடி மக்களின் நாட்டில் கிரான் ஆற்றங்கரை என்ற குறிப்பும், மற்றொன்றில் கார்னுண்டம் என்ற படைநகரின் பெயரும் காணப்படுகின்றன. 1559ஆம் ஆண்டில்தான் இந்நூல் முதன்முதலாக அச்சேறியது.

படிப்போருக்கு அந்நூலில் கூறியது கூறல் மிகுதியாகத் தோன்றலாம். ஆனால் அது பிறருக்கு எழுதிய நூலன்று. நாள்தோறும் செய்த பயிற்சியின் சுவடு. நேற்று எழுதியது இன்று மறந்துவிடுமாதலால் மீண்டும் எழுதினார். விடியற்காலையில், இன்று நன்றியற்றவரையும் செருக்கரையும் காணப்போகிறோம் என்று முன்னரே எண்ணி, அவர்களும் தம் இனத்தவரே என்று நினைவூட்டிக்கொண்டார். படுக்கையைவிட்டு எழ மனமில்லாத காலைப்பொழுதில் தம்மோடு தாமே வாதிட்டதையும் எழுதினார். சினத்திற்கு எதிராக ஒன்பது எண்ணங்களை வரிசையிட்டு, பத்தாவதாக ஒன்றையும் சேர்த்து ஓரிடத்தில் குறித்தார். உலகின் பெரும்பகுதியை ஆண்டவருக்கும் சினத்தை ஆள இத்தனை குறிப்புகள் வேண்டியிருந்தன.

பயிற்சியின் தேர்வு கி.பி. 175இல் வந்தது. அவர் நம்பியிருந்த படைத்தலைவன் அவிடியஸ் கேசியஸ் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். சில மாதங்களில் அவனை அவன் வீரர்களே கொன்று தலையைக் கொண்டுவந்தனர். மார்க்கஸ் அதனைக் காண மறுத்து, அடக்கம் செய்யுமாறு பணித்தார். சதியில் உடன்பட்டோர் யார் யார் என்பதைக் காட்டியிருக்கக்கூடிய கடிதங்கள் படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன. ஆட்சிமன்றத்தினர் எவரையும் கொல்ல வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். யார்மேல் சினங்கொள்வது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே அவர் விலக்கினார் எனலாம்.

அவர் வாழ்விலும் குறை உண்டு. தம் மகன் கொமோடசை அரசுரிமைக்கு உரியவன் ஆக்கினார். அவன் கொடுங்கோலனாகிக் கொலையுண்டான். தம் உள்ளத்தை ஆளக் கற்றவருக்கு மகனின் உள்ளம் ஆளுகைக்கு உட்படவில்லை. நம் ஆளுகைக்கு உட்படாதவை எவை என்று அவர் நாள்தோறும் எழுதிய பட்டியலின் கசப்பான சான்றாக அது அமைந்தது.

மூன்று வேளைப் பழக்கம்

செல்வர், அடிமை, பேரரசர் என்னும் மூவரும் கைக்கொண்டவற்றை ஒருங்கே நோக்கின் நாளின் மூன்று வேளைக்கு மூன்று பழக்கங்கள் புலப்படும். காலையில், வரக்கூடிய இடர்களையும் சந்திக்கவிருக்கும் மனிதரையும் முன்னரே எண்ணி மனத்தை அணியப்படுத்துதல். பகலில், ஒன்று நிகழ்ந்தவுடன் எழும் முதல் எண்ணத்தை அப்படியே ஏற்காமல், இது என் ஆளுகைக்கு உட்பட்டதா என்று சற்று நின்று வினவுதல். இரவில், நடந்ததை மறைக்காமல் ஆராய்ந்து, திருத்தி, மன்னித்து உறங்குதல். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. பிறர் இசைவும் வேண்டியதில்லை.

அமைதி ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் உடைமை என்று இவர்கள் எண்ணவில்லை. சமைத்த உணவைப்போல் அது அன்றன்று ஆக்கப்பட வேண்டியதாக இருந்தது. செனெகா ஒருநாள் ஆராய்ந்தது மறுநாளைக்குப் போதவில்லை; மார்க்கஸ் ஒரு காலையில் எழுதியது அடுத்த காலைக்குப் போதவில்லை. இருவரும் அதற்காகப் பயிற்சியைக் கைவிடவுமில்லை. நேற்றைய தவறு இன்றைய ஆய்விற்குத் தடையன்று. அதுவே ஆய்விற்குரிய பொருள்.

அந்த இல்லத்தில் விளக்கை எடுத்துச் சென்றபோது பேச்சை நிறுத்திய அம்மையாரும் இவ்வரலாற்றில் நினைக்கத்தக்கவர். ஒருவர் தம் நாளை அமைதியாகத் திரும்பிப் பார்க்க, உடன் வாழ்வோரின் சிறிதுநேர மௌனமும் துணையாகிறது. இன்றைய இல்லங்களில் விளக்கை அணைத்த பின்னும் கைப்பேசியின் ஒளி அணைவதில்லை. அதனையும் அணைத்து, வீட்டிலுள்ளோர் ஒருவருக்கொருவர் அச்சிறு பொழுதை அளிப்பின், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அம்மூன்று வினாக்களும் இன்றிரவே தம் பணியைத் தொடங்கும்.